எட்டுக்கால் பூச்சியும் உலர்ந்த கண்டன்சரும்

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, "ஐம்பத்தஞ்சு முப்பத்திரெண்டு, நாலு குடுங்க" என்றேன். "ஒரிஜினலா, சாதாவா சார்?" என்றார் கடைக்காரர். இரண்டையும் எடுத்துவைக்கச் சொன்னேன். கறுப்பு உடம்பு, எட்டுக் கால், முதுகில் வெள்ளை எழுத்து, ஒரு முனையில் நகக்குறி போல ஒரு பள்ளம். பார்வைக்கு இரட்டைப் பிறவிகள்; விலையில் மட்டும் மூன்று மடங்கு வித்தியாசம். பக்கத்தில் நின்ற இளைஞர் என் கையைப் பார்த்துவிட்டு, "இதையா சார் போடப் போறீங்க? இதத்தான் எல்லாரும் கழட்டிப் போடறாங்க" என்றார்.

அவர் சொன்னது சரிதான். பழைய சிடி பிளேயரைத் திறந்து, அதன் ஒலி வெளியீட்டில் இருக்கும் 5532 போன்ற ஆப்-ஆம்ப் சில்லுகளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக, விலை கூடுதலாக ஒன்றைச் செருகுவது உலகெங்கும் உள்ள ஒரு பொழுதுபோக்கு. கூடவே கண்டன்சர்களையும் மாற்றுவார்கள். மாற்றிய பிறகு திரை விலகியது போலப் பாட்டு துலங்குகிறது என்பார்கள். எனக்கும் அந்த ஆசை வந்தது. என் மாமா 1989இல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பிளேயர் ஒன்று என்னிடம் இருக்கிறது. சில மாதங்களாக அதில் பாட்டுக்கு அடியில் மெல்லிய உறுமல் கேட்டுக்கொண்டிருந்தது. மூடியைக் கழற்ற அது ஒரு சாக்கு.

உள்ளே 28 கால்களோடு படுத்திருந்தது பிலிப்ஸின் டிடிஏ1541ஏ. சிடியில் இருப்பது வெறும் எண்கள். ஒவ்வொரு காதுக்கும் நொடிக்கு 44,100 எண்கள். ஒவ்வொன்றும் 65,536 படிகளில் ஏதோ ஒரு படியைச் சொல்லும். அந்த எண்ணை மின்சாரமாக மாற்றுவது இந்தச் சில்லின் வேலை. ஆனால் அது தருவது மின்னழுத்தம் அல்ல, மின்னோட்டம். எண்ணுக்கு ஏற்றபடி 0 முதல் 4 மில்லிஆம்பியர் வரை இழுக்கும், அவ்வளவுதான். அதோடு கொஞ்சம் முசுடும்கூட. தன் வெளியீட்டுக் காலில் 25 மில்லிவோல்ட்டுக்கு மேல் அழுத்தம் எழுந்தால் கணக்கில் பிசகத் தொடங்கிவிடும். வெளியே இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கோ 2 வோல்ட் வேண்டும். இந்த இருவருக்கும் நடுவில் தரகு பார்க்கத்தான் ஆப்-ஆம்ப்.

ஆப்-ஆம்ப் என்பது இரண்டு உள்ளீடுகளுக்கு இடையிலான வேறுபாட்டைச் சுமார் ஒரு லட்சம் மடங்கு பெருக்கும் கருவி. அத்தனை பெருக்கத்தை வைத்துக்கொண்டு நேரடியாக ஒன்றும் செய்ய முடியாது. தும்மினாலே மேல் கூரையில் முட்டும். அதை அடக்கி வேலை வாங்கும் வித்தையைக் கண்டுபிடித்தவர் பெல் ஆய்வகத்தின் ஹெரால்டு பிளாக். 1927 ஆகஸ்ட் 2ஆம் தேதி காலை, வேலைக்குப் போக ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்துகொண்டிருந்தபோது அவருக்கு அது தோன்றியது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் அச்சாகாத ஒரு பக்கத்தில் படத்தையும் சமன்பாட்டையும் கிறுக்கினார். வெளியீட்டின் ஒரு பங்கைத் தலைகீழாக்கி உள்ளீட்டுக்கே திருப்பிக் கொடு என்பதுதான் யோசனை; பின்னூட்டம் என்பது இதுதான். பெருக்கத்தை வேண்டுமென்றே தூக்கியெறிகிறோம்; பதிலாகத் துல்லியத்தை வாங்குகிறோம். கஷ்டப்பட்டுச் சேர்த்த பெருக்கத்தை யாராவது வீணடிப்பார்களா என்று காப்புரிமை அலுவலகமே தயங்கியது. 1928இல் விண்ணப்பித்தவருக்கு 1937 டிசம்பரில்தான் காப்புரிமை கிடைத்தது.

தராசு பிடிக்கும் கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். முள் இம்மி சாய்ந்தாலும் மறுதட்டில் அள்ளிப் போட்டோ எடுத்தோ முள்ளை நடுவுக்குக் கொண்டுவருகிறார். ஆப்-ஆம்ப் செய்வதும் அதுதான். அதன் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு 1,500 ஓம் மின்தடை ஒன்றைப் போட்டுவிட்டால், டிடிஏ1541ஏ இழுக்கும் ஒவ்வொரு துளி மின்னோட்டத்தையும் அந்தத் தடை வழியாகவே அனுப்பி, உள்ளீட்டை எப்போதும் பூஜ்ய வோல்ட்டில் நிறுத்தப் பார்க்கும். முசுடும் சாந்தமாகிவிடும். 4 மில்லிஆம்பியரை 1,500 ஓமால் பெருக்கினால் 6 வோல்ட். உச்சியிலிருந்து பள்ளம் வரை 6 வோல்ட் என்றால் சராசரிக் கணக்கில் 2.1 வோல்ட். சிடி பிளேயர்களுக்கு வழக்கமான அந்த 2 வோல்ட் இப்படித்தான் பிறக்கிறது.

இனி 5532க்கு வருவோம். 1970களின் இறுதியில் சிக்னெட்டிக்ஸ் கொண்டுவந்த சில்லு இது. அப்போது அந்த நிறுவனம் பிலிப்ஸ் குடும்பத்தில் சேர்ந்திருந்தது. 'பழசு' என்பதுதான் இதன்மேல் உள்ள பெரிய குற்றச்சாட்டு. குற்றவாளியை விசாரிக்காமல் தூக்கில் போட வேண்டாமே. இரண்டு கேள்விகள் கேட்போம்.

முதல் கேள்வி, இரைச்சல். எந்தச் சில்லும் சும்மா இருக்கும்போதே உள்ளுக்குள் லேசாக முணுமுணுக்கும். நம் காது கேட்கும் வரம்பு முழுவதையும் சேர்த்தால் 5532இன் முணுமுணுப்பு ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு, சுமார் 0.7. சுற்றிலுள்ள தடைகளின் இரைச்சல், பெருக்கம் எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று மைக்ரோவோல்ட் ஆகிறது என்றே வைத்துக்கொள்வோம். சிடியின் கணக்கு என்ன? 16 பிட்டில் ஒலியை அடைக்கும்போது, படிகளுக்கு இடையே விழும் மிச்சம் மீதியை அருகிலுள்ள படிக்குத் தள்ளுவதால் ஓர் இரைச்சல் பிறக்கிறது. அது முழு ஒலிக்கு 98 டெசிபல் கீழே இருக்கும். 2 வோல்ட்டுக்கு 98 டெசிபல் கீழே என்றால் 25 மைக்ரோவோல்ட். அதாவது சிடியே கொண்டுவரும் இரைச்சலில் பத்தில் ஒரு பங்குதான் சில்லின் பங்களிப்பு. சந்தைக் கூச்சலில் ஒருவர் மெல்லத் தொண்டையைச் செருமுகிறார். அவரை வெளியேற்றிவிட்டு இன்னும் அமைதியான ஒருவரைக் கொண்டுவந்தால் சந்தை அமைதியாகிவிடுமா?

இரண்டாவது, வேகம். வெளியீடு ஒரு மைக்ரோநொடியில் எத்தனை வோல்ட் ஏறி இறங்க முடியும் என்பதுதான் இங்கே வேகம். சிடி தரக்கூடிய மிகக் கொடூரமான ஒலி, முழு அளவில் ஒரு 20,000 ஹெர்ட்ஸ் கீச்சு. அதைப் பின்தொடர மைக்ரோநொடிக்கு 0.36 வோல்ட் போதும். 5532 ஒன்பது வோல்ட் ஓடும். கரோகே பெட்டிகளிலும் கிட்டார் பெடல்களிலும் கிடக்கும் 4558 என்ற ஏழைச் சில்லுகூட ஒரு வோல்ட் ஓடும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வேகமான சில்லு வேண்டும் என்கிறவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. முதல் ஆப்-ஆம்ப் பார்ப்பது இசையின் வழவழப்பான வளைவை அல்ல, படிக்கட்டை. அந்தக் காலப் பிலிப்ஸ் வடிவமைப்பில், வடிகட்டுவதை எளிதாக்க, மூல எண்களுக்கு நடுநடுவே கணக்கிட்ட எண்களைச் செருகி நொடிக்கு 1,76,400 படிகளாக்கி அனுப்புவார்கள். மோசமான நேரத்தில் அடுத்தடுத்த இரண்டு படிகளுக்கு இடையே 2 வோல்ட் உயரம் இருக்கலாம். அந்தத் தாவல் ஒரு மைக்ரோநொடிக்கும் குறைவான நேரத்தில் நிகழ்கிறது. 4558ஆல் இதற்கு ஈடுகொடுக்க முடியாது; மூச்சிரைக்கும், படிகளின் விளிம்பு சரிந்து ஒலி பிசகும். 5532 சமாளிக்கும். ஆகவே உங்கள் பிளேயரின் இந்த முதல் இடத்தில் 4558 வகை இருந்தால் அதை மாற்றுவதில் அர்த்தம் உண்டு. அதே 4558 கடைசி வாசலில், வடிகட்டிக்குப் பிறகு இருந்தால் அவ்வளவு அவசரமில்லை. எந்தச் சில்லு என்பதைவிட எந்த இடத்தில் என்பது முக்கியம். சொருகி மாற்றுகிறவர்கள் பலர் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதே இல்லை.

இன்னொன்றும் உண்டு. 1980களின் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் இருந்த மிக்சிங் கன்சோல்களில் 5532உம் அதன் ஒற்றைப் பிறவியான 5534உம் கொத்துக்கொத்தாக இருந்தன. பாடகர் வாயிலிருந்து சிடிக்குப் போவதற்குள் குரல் அவற்றில் எத்தனையையோ கடந்துவிட்டது. கடைசியாக வரும் இரண்டை மட்டும் நாம் கழற்றி எறிகிறோம்.

இத்தனையும் தெரிந்த பிறகும் நான் மாற்றினேன். கை சும்மா இருக்கவில்லை. என் பிளேயரில் இடப்பக்கத்துக்கு ஒரு 5532, வலப்பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு ஆப்-ஆம்ப்கள். வலப்பக்கத்தை மட்டும் கழற்றி ஐசி சாக்கெட் வைத்து, மிக வேகமான ஒரு புதுச் சில்லைச் செருகினேன். பாட்டு வந்தது. கொஞ்சம் 'காற்றோட்டமாக' இருப்பதுபோலக்கூடத் தோன்றியது. பத்து நிமிடம் கழித்து விரலை வைத்தால் சுரீரென்றது. நண்பரின் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தபோதுதான் தெரிந்தது: சில்லு தன் பாட்டுக்குப் பல மெகாஹெர்ட்ஸில் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. நான் காற்றோட்டம் என்று ரசித்தது என்னவென்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

காரணம் எளியது. வேகமான சில்லு தேவைப்படும் மின்சாரத்தை நானோநொடிகளில் கேட்கும். சப்ளை கண்டன்சர் பத்து சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், நடுவிலிருக்கும் செம்புப் பாதையே தடையாகிப் பின்னூட்டத்தின் நேரத்தைக் குழப்பும். திருப்பிக் கொடுப்பது தாமதமானால், அடக்க வேண்டியது தூண்டிவிடும். தராசுக்காரர் முள் சாய்ந்து ஒரு நொடி கழித்துத்தான் கவனிக்கிறார் என்றால் இரண்டு தட்டும் ஆடிக்கொண்டே இருக்குமல்லவா? சில்லின் நான்காம், எட்டாம் கால்களுக்கு ஒட்டினாற்போல 100 நானோஃபாரட் செராமிக் கண்டன்சர் வைத்துச் சால்டர் செய்ததும் அடங்கியது. மாற்ற நினைப்பவர்களுக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கை. 5534க்கும் எட்டுக் கால், 5532க்கும் எட்டுக் கால், ஆனால் காலுக்குக் கால் வேலை வேறு. ஒன்றின் இடத்தில் மற்றதைச் செருகினால் புகைதான். புதிய சில்லுகள் சில 12 வோல்ட் மொத்தத்துக்கு மேல் தாங்காதவை. பழைய பிளேயர்களோ மேலே 12, கீழே 12 என்று 24 கொடுக்கும். வாங்குமுன் சில்லின் தரவுத்தாளைப் படியுங்கள்.

உறுமல்? அது அப்படியே இருந்தது.

அதற்குக் காரணம் ஆப்-ஆம்ப் அல்ல என்று தொடக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டயோடுகள் அதைத் திருப்பிப் போட்டபின் நொடிக்கு 100 முறை மேடும் பள்ளமுமாக வரும். அந்தப் பள்ளங்களை நிரப்புவது சப்ளையில் நிற்கும் பெரிய உருளைக் கண்டன்சர்கள். ஏரிக்கு வெள்ளம் விட்டுவிட்டு வந்தாலும் மதகில் தண்ணீர் சீராகப் போவதுபோல. ஏரி தூர்ந்துவிட்டால்? வெள்ளத்தின் தாளம் வயலுக்கே வந்துவிடும். நான் கேட்டது அந்த 100 ஹெர்ட்ஸ் தாளம்.

இந்த ஏரி தூர்வது எப்படி என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி. உருளையைப் பிரித்தால் உள்ளே பாய்போலச் சுருட்டிய அலுமினியத் தாளும், மின்பகுதிரவத்தில் நனைந்த காகிதமும் இருக்கும். தாளின் மேல்பரப்பை அமிலத்தால் அரித்துப் பஞ்சுபோல ஆக்கி, அதன்மேல் அலுமினிய ஆக்சைடை வளர்த்திருப்பார்கள். மின்னைத் தேக்கிவைக்கும் சுவர் அந்த ஆக்சைடுதான். ஒரு வோல்ட்டைத் தாங்க ஏறக்குறைய 1.4 நானோமீட்டர் போதும். 25 வோல்ட்காரனின் சுவர் நம் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. சுவரின் மறுபக்கத்துத் தட்டு உலோகம் அல்ல, அந்த ஈரம். ஈரம் காய்ந்தால் தட்டு சுருங்குகிறது, உள்தடை ஏறுகிறது. வெளியே பார்த்தால் அதே பளபளப்பு.

காய்வதற்குக் காரணம் வெப்பம். 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது இந்தத் துறையின் பழைய வாய்ப்பாடு. உருளையின் மேல் '85 டிகிரி' என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த வெப்பத்தில் 2,000 மணி நேரம் தாக்குப்பிடிக்கும் ரகம் என்று வையுங்கள். பெட்டிக்குள் 45 டிகிரி என்றால் நான்கு முறை இரட்டித்து 32,000 மணி நேரம். தினம் மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்டால் 29 ஆண்டு. அதே ரகத்தைச் சூடான ரெகுலேட்டரின் தகட்டை ஒட்டி 65 டிகிரியில் நிறுத்தினால் 8,000 மணி நேரம், ஏழு ஆண்டு சொச்சம். சித்திரை மாதச் சென்னை அறையிலேயே 38 டிகிரி இருக்கும்போது பெட்டிக்குள் நிலவரம் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. என் பிளேயரில் செத்திருந்தவை இரண்டுமே அந்தத் தகட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள். நான்கு விரற்கடை தள்ளி நின்ற அவற்றின் உடன்பிறப்புகளை அளந்தேன்; கல்லுப்போல இருந்தன.

அதே கொள்ளளவு, அதே அல்லது கூடுதலான வோல்ட், 105 டிகிரி ரகம். பட்டை போட்ட பக்கம் எதிர்முனை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்து கை வைக்கவும். மொத்தச் செலவு ஒரு மசால் தோசையைத் தாண்டவில்லை. உறுமல் போயே போய்விட்டது.

மிச்சம் இருப்பது இசை நேரடியாகக் கடக்கும் கண்டன்சர். வெளியீட்டுச் சாக்கெட்டுக்கு முன்னால், நேர்மின் கசிவு வெளியே போகாமல் தடுக்க, 47 மைக்ரோஃபாரட் உருளை ஒன்றை வைத்திருப்பார்கள். 'இசை போகும் பாதையில் எலக்ட்ரோலிடிக்கா!' என்று பதறி, பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் கண்டன்சருக்கு மாற்றுகிறவர்கள் ஏராளம். எலக்ட்ரோலிடிக் ஒலியைத் திரிக்கும் என்பது உண்மை. ஆனால் தன் இரு முனைகளுக்கு இடையே இசையின் அழுத்தம் விழுந்தால்தான் திரிக்க முடியும். 20 ஹெர்ட்ஸில் 47 மைக்ரோஃபாரட்டின் தடை 170 ஓம். எதிரே ஆம்ப்ளிஃபயரின் 10,000 ஓம். 2 வோல்ட்டில் கண்டன்சர் தனக்கென்று பிடித்துக்கொள்வது 34 மில்லிவோல்ட் மட்டுமே, அதுவும் அடிமட்டச் சுருதியில். மேலே போகப்போக அதுவும் இல்லை. இந்த இடத்தில் கண்டன்சரைத் தாராளமான அளவில் வைத்துவிட்டால் போதும் என்பது ஆடியோ வடிவமைப்பு நூல்கள் எழுதிய டக்ளஸ் செல்ஃப் வலியுறுத்தும் வாதம். ஃபிலிமில் 47 மைக்ரோஃபாரட் வாங்கினால் அது தேங்காய் மூடி அளவில் இருக்கும். அதனால் 2.2 போட்டுவிட்டு வருவார்கள். அதே 10,000 ஓமில் 20 ஹெர்ட்ஸ் அரை டெசிபல் குறைந்துபோகும். 'பேஸ் இறுக்கமாகிவிட்டது' என்று பிறகு அவர்களே மகிழ்வார்கள்.

உண்மையிலேயே கவனிக்க வேண்டியவை வடிகட்டியில் இருக்கும் குட்டிக் கண்டன்சர்கள். அங்கே இசை முழு அழுத்தத்தோடு அவற்றின்மேல் விழுகிறது. பேரியம் டைட்டனேட் கலந்த மலிவு செராமிக் வகையின் கொள்ளளவு அழுத்தத்துக்கு ஏற்ப மாறும். தட்டினால் மைக்ரோஃபோன் போல ஒலிகூடக் கொடுக்கும். தொழிற்சாலை வைத்த பாலிஸ்டைரீனைக் கழற்றிவிட்டு இதைப் போட்டவரையும் பார்த்திருக்கிறேன்.

இப்போது என் பிளேயரில் இடப்பக்கம் பழைய 5532, வலப்பக்கம் புதிய வேகக்காரன். இது ஒரு நல்ல சோதனைச்சாலை என்று பிறகுதான் உறைத்தது. சில்லைக் கழற்றி மாற்றி மறுபடி கேட்க இருபது நிமிடம் ஆகும். நுணுக்கமான ஒலி வேறுபாடுகள் நினைவில் தங்குவதோ சில நொடிகள். இரண்டு பக்கமும் ஒரே ஒலி இருக்கும் மோனோ பதிவைப் போட்டுவிட்டு, இடம் வலம் மாற்றும் சுவிட்சைத் தட்டினால் காத்திருக்கவே வேண்டாம். ஏ.எம். ராஜா காலத்துத் திரைப்பாடல்கள் மோனோதான், ஆனால் அவற்றின் நாடா இரைச்சல் எதையும் மறைத்துவிடும். ஆகவே புதிய வீணைப் பதிவு ஒன்றை மோனோவாக்கி சிடியில் எழுதினேன்.

முதல் நாள் வலப்பக்கம் தெளிவாக ஜெயித்தது. சந்தேகப்பட்டு ஒரே சுருதியை ஓடவிட்டு மல்டிமீட்டரில் அளந்தேன். இடம் 2.02 வோல்ட், வலம் 2.12. தடைகளின் வித்தியாசத்தால் வலப்பக்கம் 0.4 டெசிபல் உரக்கக் கேட்டிருக்கிறது. அத்தனை சிறிய வேறுபாட்டைக் காது 'சத்தம் கூட' என்று உணராது. 'நன்றாக இருக்கிறது' என்றுதான் சொல்லும். திருகிக் கூட்டிக் குறைக்கும் மின்தடை (பிரிசெட்) ஒன்றை வைத்துச் சமப்படுத்தினேன்.

அடுத்து, கண்ணை மூடிய சோதனை. 1982இல் டேவிட் கிளார்க் விவரித்த ஏபிஎக்ஸ் முறை: அ எது, ஆ எது என்று காட்டிவிட்டு, மூன்றாவதாக ஒன்றைப் போட்டு, இது அவற்றில் எது என்று கேட்க வேண்டும். 16 முறையில் 12 சரியாக வந்தால், குருட்டு அதிர்ஷ்டத்தில் அப்படி வர 4 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பு. சுவிட்சைப் பிடிக்க அக்கா மகளை உட்காரவைத்தேன். நாணயத்தைச் சுண்டிப் பார்த்து அவள் மாற்றினாள். ஏழாவது முறை நான் நெற்றியைத் தேய்த்தபோது, "மாமா, நீங்க கேக்கறதவிட யோசிக்கறதுதான் ஜாஸ்தி" என்றாள்.

எனக்கு 9 வந்தது. பிறகு இடம் மாறி உட்கார்ந்தோம். என்னைவிட எத்தனையோ இளைய காது; அவளுக்கு 8.

அன்று மூடியை மாட்டித் திருகை முடுக்கியவன் அப்புறம் திறக்கவில்லை. இடப்பக்கத்தில் டீ விலைச் சில்லும் வலப்பக்கத்தில் அதன் இருபது மடங்கு விலைக்காரனும் இன்றும் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கின்றன. ரிச்சி தெருவில் வாங்கிய நான்கு 5532களும் மேசை இழுப்பறையில், வாங்கிய பிளாஸ்டிக் குழாயிலேயே கிடக்கின்றன.